பழைய நீட்சி இயங்காவிட்டாலும் சேமித்த பக்கங்கள் திறக்கும்

2009இல், போரின் இறுதி மாதங்களில், செய்தித் தளங்களின் பக்கங்களைக் கணினியில் சேமித்து வந்தேன். பயர்பொக்ஸ் உலாவியில் 'மொஸில்லா ஆர்க்கைவ் ஃபோர்மட்' என்ற நீட்சி அப்போது இருந்தது. படங்களோடு முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும். அந்தத் தளங்களில் சில இன்று இணையத்தில் இல்லை.

சில மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளை, என்ர மகன்ர படம் வந்த பக்கம் உம்மட்ட இருக்கோ?" கோப்பு இருந்தது. ஆனால் திறக்கவில்லை.

காரணம் எளியது. 2017 நவம்பரில் வெளியான பயர்பொக்ஸ் 57, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளைக் கைவிட்டது. முன்னர் நீட்சியின் உள்ளே இருக்கும் பதிப்பு எண்ணைத் திருத்தினாலே பல இயங்கின. இப்போது அந்த வழி உதவாது. ஆனால் நமக்கு வேண்டியது நீட்சி அல்ல, அதற்குள் இருக்கும் பக்கம்.

நான் செய்தது இதுதான்:

1. முதலில் கோப்பைப் பிரதி எடுத்தேன். மூலக் கோப்பில் கைவைக்கவில்லை.

2. 'மாஃப்' எனும் பின்னொட்டுள்ள இக்கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. பிரதியின் பின்னொட்டை 'ஸிப்' என மாற்றி விரித்தால், உள்ளே 'இன்டெக்ஸ்' என்ற பெயரில் பக்கம் இருக்கும். எந்த உலாவியிலும் திறக்கலாம். விண்டோஸில் பின்னொட்டு தெரியாவிட்டால், கோப்புறையின் 'வியூ' பட்டியலில் அதைக் காட்டும்படி தெரிவுசெய்யுங்கள்.

3. எழுத்துகள் ஆங்கிலக் குழப்பமாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கலாம். அந்த எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும்.

கோப்புகள் நிறைய இருந்தால், இன்றைய உலாவிகளில் இயங்கும் 'வெப்ஸ்கிராப்புக்' என்ற நீட்சி இவற்றை நேரடியாகவே திறக்கும். பழைய உலாவியை நிறுவித்தான் ஆகவேண்டும் என்றால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

பொதிக்குள் 'ஆர்டிஎஃப்' என்ற சிறு கோப்பும் இருக்கும். பக்கத்தின் மூல முகவரியும் சேமித்த திகதியும் அதில் பதிவாகியிருக்கும். தேவையற்றது என்று அழித்துவிடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய பக்கம் எங்கே, எப்போது வெளியானது என்று நாளை யாராவது கேட்டால், அந்தச் சிறு கோப்புத்தான் பதில் சொல்லத் தொடங்கும்.

அம்மாவுக்குப் பக்கத்தை அச்சிட்டு அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் பழைய வன்தட்டு கிடக்கலாம். அது சுழலும்போதே இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.