கேட்டுக் கேட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி

1917 டிசம்பர். பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான மந்திரியாக இருந்த மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தார். ஹைதராபாத்துக்காரரான சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் பார்த்து, எங்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டது. அந்தச் சந்திப்புக்குப் பின்னால் இருந்தது, அதே ஆண்டு அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம். கேட்டது உடனே கிடைக்கவில்லை. 1921-ல் சென்னை மாகாணத்தில் கிடைத்தது. விடாமல் கேட்கும் அந்தப் பழக்கம்தான் பிற்பாடு ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டியது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் போய்விட்டாள். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விடவே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், 1935-ல், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது.

அவர் பட்டம் வாங்கிய அதே 1912-ல், நியூயார்க்கில் ஹென்ரியட்டா சோல்ட் என்ற யூதப் பெண்மணி சில தோழிகளோடு ஹடாசா என்ற சங்கத்தைத் தொடங்கினார். மறு வருஷம் ஜெருசலேமுக்கு அவர்களால் அனுப்ப முடிந்தது இரண்டே நர்சுகளை. ஊருக்கு ஊர் கிளை தொடங்கி வசூல் செய்தார்கள். 1939-ல் ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலைமேல் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது.

முத்துலட்சுமியும் அடையாற்று மாதர் சங்கப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது. தனக்காகக் கேட்கத்தான் வாய் கூசும். அடுத்தவர் உயிருக்காகக் கேட்பதில் கூச்சம் என்ன? 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. இருந்தவை 12 படுக்கைகள்.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது. உடம்பின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கும் கதிர்வீச்சு எட்டியது. சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் கண்மூடும்வரை நோயாளிகளுக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று அங்கே 500-க்கும் மேற்பட்ட படுக்கைகள். வெளியூர் பஸ்ஸில் விடிகாலை வந்து இறங்கி, ஒரு கையில் ஸ்கேன் உறையும் மறு கையில் ஒயர்க்கூடையுமாக நிற்கும் அம்மாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கேட்கும் முன்பே, அவருக்காக யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள்.