பொதுவில் வைத்த செல்வம்

2001இல் நம் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் மாரிக்குப்பத்தில் அதிகாலை வண்டியேறிப் பெங்களூர் சென்று, கணினித் தொழிலால் குடும்பம் காக்கும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்கள் கையாளும் மென்பொருள் யாவும் விலைப்பொருள் அல்ல. எவரும் எடுத்தாளவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்துப் பொதுவில் வைக்கப்பட்டவை மிகப் பல.

இவ்வறத்திற்கு 1983இல் கால்கோள் இட்டவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். அவ்வாண்டே டச்சுக்காரரான கைடோ வான் ராசம் பைத்தான் மொழியை வழங்கினார்.

தமிழரும் வாளாவிருந்தாரல்லர். 2009இல் ‘எழில்’ என்னும் தமிழ்க் கணினிமொழியை விளக்கிக் கட்டுரை வரைந்த முத்தையா அண்ணாமலை, பின்னர்த் தோழர்களுடன் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பை உருவாக்கினார். நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளை வரிசை. ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகவே கொள்ளும். மூன்றெழுத்தென்று சரியாக எண்ணித் தருவது இத்தொகுப்பு. ஒருவர் எழுதியது ஊர்க்கெல்லாம் உதவுகிறது.

ஆயின், ஆக்கலினும் பேணலே அரிது. எண்ணற்ற இணையதளங்களுக்குக் காவலாயிருந்த ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ தொகுப்பில் 2014இல் பெரும்பிழை ஒன்று வெளிப்பட்டு உலகை நடுக்கியது. அதனைப் பேணிவந்தோரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே! இறைப்பார் இல்லையேல் சுரங்கத்தை நீர் கொள்ளும் என்பதைத் தங்கவயலார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆதலின் நம் இளைஞர்காள், பொதுவிலிருந்து எடுப்பதோடு அமையாது, கண்ட பிழையைத் திருத்திப் பொதுவிற்கே அளிப்பீர். அதுவே பெற்ற உதவிக்குச் செய்யும் கைம்மாறு.