பத்மநாபபுரத்தின் வலிய கப்பித்தான்

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மரவேலைப்பாட்டைப் பார்த்து வியந்துவிட்டு வருகிறார்கள். தாய்க் கொட்டாரத்துத் தூணும் நவராத்திரி மண்டபத்தின் கண்ணாடி போன்ற கருந்தரையும் அவ்வியப்புக்குத் தகுதியானவைதான். (1956-இல் கல்குளம் தாலுகா தமிழகத்துடன் இணைந்தபின்னும் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு என்பது பலருக்கும் புதிய செய்தி.) அங்கே ஓர் ஓவியம் இருக்கிறது. குளச்சல் போரில் தோற்ற டிலனாய் என்னும் ஐரோப்பியன் மார்த்தாண்ட வர்மர் முன் சரணடையும் காட்சி. போர் முடிந்த கணமாகவே அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

சென்ற முறை என்னுடன் வந்த நண்பருக்கு அது வேறாகத் தெரிந்தது. மென்பொருள் நிறுவனங்களில் புதிதாக அமையும் குழுக்களை ‘அஜைல்’ முறைக்குப் பழக்கிவிடுவது அவர் தொழில். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதியொன்றில் 17 மென்பொருளாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையிலிருந்து பரவிய முறை அது. ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு இறுதியில் ஒரேயடியாகப் பொருளைக் கொடுப்பதற்கு மாறாக, சிறு குழுவாக இருந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் ஒன்றைச் செய்து காட்டி, திருத்திக்கொண்டே முன்னே செல்வது. ஓவியத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இவரும் எங்கள் ஆள்தான். வெளியிலிருந்து வந்தவர். இவருக்கு மறுநாள் காலை என்ன வேலை கொடுத்தார்கள்?”

நல்ல கேள்வி. நம் பள்ளிப் பாடங்கள் குளச்சல் வெற்றியோடு நின்றுவிடுகின்றன.

1729-இல் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தபோது வேணாட்டு அரசருக்குத் தனக்கென்று சொல்லிக்கொள்ளப் பெரிய படை கிடையாது. வீரர்கள் இருந்தார்கள், களரியில் பயின்ற நாயர் வீரர்களின் வாள்திறன் புகழ்பெற்றது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு பிரபுவுக்கும் மாடம்பிக்கும் கட்டுப்பட்டவர்கள். பிரபு அழைத்தால் வருவார்கள். பிரபு அரசரை எதிர்த்தால் அவர்களும் எதிர்ப்பார்கள். அதனால்தான் முந்தைய அரசர் 1726-இல் மதுரை நாயக்க அரசுடன் உடன்படிக்கை செய்து பணம் கொடுத்துப் படை தருவிக்க நேர்ந்தது. உள்ளூரில் ஆயிரக்கணக்கில் போர்வீரர்கள் இருக்க, கூலிப்படைக்கு மதுரையை நோக்கிக் கையேந்திய அரசு அது.

1741-இல் டச்சுக் கம்பெனி குளச்சலில் இறங்கியது. கரையோர ஊர்களைக் கொள்ளையிட்டுக்கொண்டு தலைநகரை நோக்கி நகர்ந்தது. முற்றுகைக்குள்ளான அவர்களுடைய கோட்டையில் வெடிமருந்து தீப்பற்றி அரிசிக் கையிருப்பும் எரிந்துபோக, ஆகஸ்டில் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்கள் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் சொல்லும் ஐரோப்பியர் 24 பேர்; யூஸ்டேசியஸ் டிலனாய் அவர்களில் ஒருவர். கம்பெனிப் படைக்கே அவர்தான் தலைவர் என்ற பொதுநம்பிக்கையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஓவியம் அவரைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வந்தவர் பெரும்பெயர் கொண்ட தளபதி அல்ல, தொழில் தெரிந்த மனிதர்.

மார்த்தாண்ட வர்மர் அவரிடம் நாட்டின் படை முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் கொடுத்தது தன் மெய்க்காவலரில் ஒரு சிறு பிரிவை மட்டும். சங்குண்ணி மேனன் 1878-இல் எழுதிய வரலாறும் பின்னால் வந்த நாகமய்யாவின் கையேடும் இதைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. நானும் பலமுறை கடந்திருக்கிறேன். நண்பர்தான் என்னை அங்கே நிறுத்தினார்.

மெய்க்காவலர் என்றால் அரசர் தினமும் கண்ணால் காணும் ஆட்கள். பயிற்சி பலிக்கிறதா என்று அறிய யாருடைய அறிக்கையும் தேவையில்லை. முற்றத்தில் நின்று பார்த்தால் போதும். பலிக்காவிட்டால் இழப்பு சிறிது. இன்னொன்று, அவர்கள் ஏற்கெனவே அரசருடைய ஆட்கள், எந்த மாடம்பியும் இடையில் வந்து தன் வீரனைத் திரும்பக் கேட்க முடியாது. நண்பர் இவ்விடத்தில் பெருமூச்சு விட்டார். அவர் பழக்கிய குழுக்கள் பலவும் கலைந்தது முறையின் குறையால் அல்லவாம். இரண்டாம் வாரமே பழைய துறைத்தலைவர் ஒருவர் வந்து, “இந்தப் பையன் பாதி நாள் எனக்கு வேண்டும்” என்பாராம்.

கற்றுக்கொடுத்ததும் எளிதானதல்ல. களரியின் பெருமை தனிவீரனின் உடலில் இருக்கிறது. அவனுடைய மெய்ப்பாடு, பாய்ச்சல், கண். துப்பாக்கி அணிவகுப்போ தனித்திறமையை அடக்கிக்கொள்ளச் சொல்கிறது. வரிசையில் நின்று, ஒரே ஆணைக்கு மருந்து நிறைத்து, ஒரே கணத்தில் சுட வேண்டும். பக்கத்தில் நிற்பவனைவிட விரைவாகச் சுடுபவன் அங்கே வீரனல்லன், இடைஞ்சல். வாளெடுத்து வளர்ந்தவர்கள் இதை எத்தனை எரிச்சலுடன் பயின்றிருப்பார்கள்! அவர்கள் தரப்பை எழுதிவைக்க அன்று யாரும் இல்லை.

அரசருக்குத் திருப்தியானது. டிலனாய் கப்பித்தான் ஆனார். பின்னர் ‘வலிய கப்பித்தான்’. பட்டாளங்கள் பெருகின. பத்மநாபபுரத்திலிருந்து கூப்பிடுதூரத்தில், புலியூர்க்குறிச்சியில், பழைய உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் கல்லால் வலுப்படுத்தப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை அமைந்தது. 1746-இல் காயங்குளம் வீழ்ந்தது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், தோற்ற டச்சுக்காரர்களே ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தர ஒப்புக்கொண்டார்கள். சிறுமுற்றத்தில் தொடங்கியது பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வந்து நின்றது.

ஆனால் நண்பரின் ஒப்புமையை நான் முழுதும் ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். அவருடைய முறையில் குழு தன் வேலையைத் தானே பங்கிட்டுக்கொள்கிறது. அணிவகுப்பில் வீரனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையே இல்லை. மேலும் இந்தப் பட்டாளம் நிலைத்ததற்கு ஒரு விலை இருந்தது. இடையில் வந்து ஆள் கேட்கக்கூடிய எட்டுவீட்டுப் பிள்ளைமாரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் மார்த்தாண்ட வர்மர் குளச்சலுக்கு முன்பே ஈவிரக்கமின்றி அழித்துவிட்டிருந்தார். டிலனாய்க்குக் கிடைத்தது துடைத்து வைக்கப்பட்ட களம். துடைக்கப்பட்டது குருதியால். “அந்த வசதி எங்களுக்கு இல்லை, நல்லவேளை” என்றார் நண்பர்.

பயிற்றுநருக்கும் விடுதலை இருந்ததா என்று கேட்டுக்கொள்கிறேன். கைதியாகத் தொடங்கியவர் ஏறத்தாழ 36 ஆண்டுகள் இங்கேயே பணிசெய்தார். வடக்கெல்லையில் அவர் முன்னின்று அமைத்த நெடுங்கோட்டை, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தடுத்தது. அடுத்த ஆண்டு உடைந்தது. நாயர் பட்டாளமோ 1804-இல் படித்தொகையைக் குறைக்க முயன்றபோது அரசுக்கே எதிராகத் திரண்டது. மாடம்பியை விட்டுக் கருவூலத்தை நம்பச் சொன்னால் கருவூலம் கைவிடும்போது அப்படித்தான் ஆகும். அப்படையின் வழித்தோன்றல் இன்று மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாளம். தன் தொடக்கமாக அது சொல்வது 1704-இல் பத்மநாபபுரத்தில் திரட்டப்பட்ட மெய்க்காவலரை.

மாலையில் உதயகிரிக்குப் போனோம். இப்போது வனத்துறையின் பூங்கா, மான்கள் நிற்கின்றன. கூரையிழந்த சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை, அருகே மனைவியும் மகனும். 1777 ஜூன் 1 என்று தேதி. கல்லில் இலத்தீன் ஒருபுறம் இருக்க, தமிழும் வெட்டப்பட்டிருக்கிறது. நண்பர் குனிந்து தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றார். வெளிச்சம் போதவில்லை. காவலர் வந்து வாயில் அடைக்கும் நேரம் என்றார்.