யானை தின்ற காடு

சாவோ! பெயரைத் தமிழில் சொன்னாலே லேசாக வயிற்றைக் கலக்குகிறது, இல்லையா? கென்யாவில் இருக்கிறது இந்த வனம். 1898-ல் அங்கே ரயில் பாலம் கட்டப்போன இந்தியத் தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் வேட்டையாடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நான் சொல்லவந்தது அந்தக் கதை இல்லை. அதே மண்ணில் மரத்துக்கும் புல்லுக்கும் நடந்த போராட்டம். நடுவில் மாட்டிக்கொண்டவை யானைகள்!

1948-ல் சாவோ தேசியப் பூங்காவானது. சுமார் 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பாலும் முட்புதர்க்காடு. நம்மூர் வேலிகளில் நிற்கிறதே கிளுவை, அதன் சொந்தக்கார மரங்கள்தான் அங்கே அதிகம். இடையிடையே பிரமாண்டமான பாவோபாப். நம் பக்கம் பெருக்கமரம் என்பார்களே, அதேதான்.

மழை பொய்த்தால் என்ன ஆகும்? முதலில் காய்வது புல். அதன் வேர் மேல்மண்ணிலேயே ஓடுகிறது. ஆனால், செத்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்! சில புற்கள் விதையாக மண்ணில் தூங்கும். சில, அடித்தூரில் உயிரைப் பிடித்துவைத்திருக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், சில நாட்களில் பச்சைப்பசேல்!

மரம் வேறு ரகம். கிளுவை இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாகக் காத்திருக்கும். பாவோபாப் உடம்பிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும். எனவே மரம் தாக்குப்பிடிக்கும்... யானை வராதவரை! புல் தீர்ந்ததும் யானை கிளையை ஒடிக்கும், பட்டையை உரிக்கும், பாவோபாபின் ஈரமான தண்டையே குடைந்து தின்னும். விழுந்த மரத்தின் இடத்தில் வெயில் படும், புல் முளைக்கும். புல் காய்ந்தால் தீ. தீயில் கருகுவது மரக்கன்றுகள். இப்படியே 1960-களில் சாவோவின் காடு புல்வெளியாக மாற ஆரம்பித்தது.

இங்கேதான் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவர், விஞ்ஞானி ரிச்சர்ட் லாஸ். யானைகளைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் மரமும் போகும், பிறகு யானையும் பட்டினியில் போகும் என்பது அவர் கட்சி. ஆய்வுக்காக 1966-ல் 300 யானைகள் சுடப்பட்டன. அதோடு நிறுத்துங்கள் என்று குறுக்கே நின்றார் சாவோ கிழக்கின் வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக். மரம் போனால் புல் வரும், இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்றார். 1968-ல் லாஸ் விலகினார்.

1970-71. மழை வரவில்லை. சுமார் 6 ஆயிரம் யானைகள் மாண்டன!

தாகத்தால் அல்ல. ஆற்றில் தண்ணீர் இருந்தது. கரையைச் சுற்றித் தின்ன எதுவும் இல்லை. ஆண் யானை தூரமாகப் போய் மேய்ந்து வரும். குட்டியோடு இருக்கும் தாயால் தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம் போகமுடியும்? செத்தவற்றில் பெரும்பாலானவை தாய்களும் குட்டிகளும்தான். வயிற்றில் சத்தில்லாத சுள்ளியும் நாருமாக, பட்டினிச் சாவு.

அப்படியானால் ஜெயித்தது லாஸா? அவசரப்படாதீர்கள். இயற்கை கணக்கை முடிப்பதற்குள் தந்தக் கொள்ளையர்கள் புகுந்துவிட்டார்கள். 1960-களின் இறுதியில் சாவோ வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் யானைகள். 1988-ல் மிஞ்சியது ஏறக்குறைய 6 ஆயிரம்! யானை குறைந்ததும் மரங்கள் சத்தமில்லாமல் திரும்ப எழுந்தன. ஷெல்ட்ரிக் சொன்ன வழியிலா, லாஸ் சொன்ன வழியிலா? இரண்டுமே இல்லை. துப்பாக்கி வழியில்!

1989-ல் சர்வதேசத் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. யானைகள் மெல்லப் பெருகின. 2021 கணக்கெடுப்பில் சாவோவில் சுமார் 15 ஆயிரம். மறுவருடமே கடும் வறட்சி. 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கென்யா முழுக்க 205 யானைகள் செத்தன. சாவோவிலும் பலத்த அடி.

புல்லுக்கு அடுத்த மழை போதும். மரத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். குட்டியோடு ஆற்றங்கரையில் நிற்கும் தாய் யானைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சுடுவதா, காத்திருப்பதா? அந்த வார்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?