எலியின் கிரிவலம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மலையை வலக்கைப் பக்கம் வைத்தபடி நடக்க வேண்டும். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருப்பதால் முதலில் தெற்கு நோக்கிப் போகிறோம். பிறகு மேற்கு, வடக்கு, கடைசியில் கிழக்கு. திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள். ஆனால் பாதை மெல்ல மெல்ல வளைவதால் நாம் திரும்பிக்கொண்டே இருக்கிறோம் என்பது காலுக்குத் தெரியாது.

போன வருஷம் வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா திடீரென்று நின்றுவிட்டார். "கோபுரம் எந்தப் பக்கம்டா இருக்கு?" என்றார். நாற்பது வருஷமாகச் சுற்றுகிறவர். மலைக்கு அந்தாண்ட, நம்ம வலது பக்கம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. இடது பக்கம் கை காட்டினார்.

அன்று ராத்திரி தொடங்கிய தேடல்தான் இந்தக் குறிப்பு.

எலி ஒரு வழியை வெறும் இடது வலது திருப்பங்களாக மனப்பாடம் செய்வதில்லை, மூளைக்குள் ஒரு வரைபடமே வைத்திருக்கிறது என்று 1948-இல் எட்வர்ட் டோல்மன் எழுதினார். அந்த வரைபடம் எங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகேம்பஸில் மெல்லிய மின்முனைகளை வைத்துப் பார்த்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் கிடைத்தன. இவை இடச் செல்கள்.

1984-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேம்ஸ் ராங்க் வேறொன்றைக் கண்டார். எலி எங்கே இருந்தாலும் சரி, தலை ஒரே திசையைப் பார்த்தால் போதும், அந்தச் செல் துடிக்கும். இவை திசைச் செல்கள். 2005-இல் நார்வேயில் மோசர் தம்பதியின் குழு, தரை முழுவதும் அறுகோண ஒழுங்கில் துடிக்கும் கட்டச் செல்களை அறிவித்தது. 2014 நோபல் பரிசு ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் போனது.

திசைச் செல் காந்த ஊசி இல்லை. அதற்கு வடக்கு தெரியாது. உள்காதின் சமநிலை உணர்வையும், கண்ணில் படும் அடையாளங்களையும் வைத்துத் தன் திசையை நிறுத்திக்கொள்கிறது. நம் மொழியும் அப்படித்தானே? நிலம் கீழே சரியும் பக்கம் கிழக்கு, மேலே உயரும் பக்கம் மேற்கு. நட்ட அடையாளத்திலிருந்துதான் பெயரே பிறக்கிறது.

அடையாளங்களே சண்டை போட்டால்? ஹூஸ்டனில் ஜேம்ஸ் நியரிம் ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். எலிக்கு ஒரு வட்டப் பாதை. அதில் அது வலமாகவே ஓடப் பழகியிருந்தது! பாதையின் தளத்தை ஒரு பக்கமும், சுற்றியுள்ள திரையில் தொங்கும் பொருள்களை எதிர்ப்பக்கமும் சுழற்றினார்கள். 2004-இல் இன்னா லீ, யோகநரசிம்மா, கீதா ராவ், நியரிம் ஆகியோர் வெளியிட்ட கட்டுரைப்படி, ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதிச் செல்கள் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்ந்து காலடித் தளத்தோடு போயின. சிஏ1 செல்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறின. திசைச் செல்களோ தூரத்துத் திரையைப் பின்பற்றின என்று 2006-இல் தெரிந்தது.

இந்த ஆய்வு நம்ம ஊரிலும் நடக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் சச்சின் தேஷ்முக் எலிகளிடம் பதிவு செய்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் ஸ்ரீனிவாச சக்ரவர்த்தியின் குழு, இப்படிப்பட்ட செல்கள் எப்படி உருவாகக்கூடும் என்று கணினி மாதிரிகளில் காட்டியிருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். கட்டச் செல்கள் இருக்கும் என்டோரைனல் புறணிதான் அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று. பேர் மறப்பதைப் போலவே வழி தவறுவதும் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

எல்லாத் தடுமாற்றமும் நோய் இல்லை. ராத்திரி பஸ்ஸில் தூங்கி எழுந்தால் எனக்கும் திசை திரும்பித்தான் போகிறது. ஒரு டீக்கடையைப் பார்த்ததும் சட்டென்று சரியாகிவிடும். பெரியப்பாவுக்குச் சரியாகவில்லை. நாற்பது வருஷம் பழகிய மலை கண்ணெதிரே இருந்தும் சரியாகவில்லை. வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சு, விடு" என்றார்கள். நான் விடவில்லை. அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் தெரிந்த தெருவில் நின்று வழி கேட்டால், சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.