யாருடைய சுதந்திரம்?

1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. கூட்டுறவுப் பண்ணை வேண்டுமென்று நாகபுரியில் காங்கிரசு போட்ட தீர்மானமே உடனடிக் காரணம். ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி முன்னின்றார்கள். தனிச்சொத்தைத் தொடாதே, அரசு குறுக்கே வராதே, தர்மம் சமூகத்தைக் காக்கும். பழமைவாத அரசியலின் சாரம் இதுதான். இதைத் தஞ்சை வயலில் நின்று படிக்க வேண்டும்.

அங்கே சொத்து என்றால் மிராசு. தர்மம் என்றால் பண்ணையாள் முறை. பொழுது விடியுமுன்னே வயல்ல இறங்கணும். இல்லேன்னா சவுக்கடி, சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் முன்னின்ற செங்கொடிச் சங்கத்தில் நம் சனம் திரண்டபிறகுதான் அந்தக் கை தயங்கியது.

1952இல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தவர் முதலமைச்சர் ராஜாஜி. கம்யூனிஸ்டுகளே முதல் எதிரி என்று அறிவித்தவரும் அவரே. இதில் முரண் இல்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து மிச்சத்தைக் காப்பது, 1790இல் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிராக எழுதிய பர்க் காலத்துப் பாடம். மிராசுதார்களோ அதையும் எதிர்த்தார்கள். பிறகு வழி கண்டார்கள்: பண்ணையாள் வேண்டாம், தினக்கூலி போதும். வேலை மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு. பட்டினி கிடக்கும் சுதந்திரம் நமக்கு.

1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் சுதந்திராவும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றாக இருந்தன. சுதந்திரா 20 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. மிராசுதார்கள் காங்கிரசிலும் இருந்தார்கள். கட்சி எதுவானாலும் நிலத்தின் கொள்கை ஒன்றே. நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டி, செங்கொடியை இறக்கு என்றார்கள். நம் சனம் கூலி உயர்வு கேட்டது, கொடியை இறக்க மறுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இத்தனை நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்றது. சொத்தே சாட்சி சொன்னது.

சுதந்திராக் கட்சி 1974இல் பாரதிய லோக்தளத்தில் கரைந்தது. கொள்கை கரையவில்லை. 'லைசன்ஸ் பர்மிட் ராஜ்' என்று ராஜாஜி தொடங்கிய பேச்சு, 1991க்குப் பிறகு பெரிய கட்சிகளின் பொதுமொழியானது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டால், 'அரசு தலையிடக்கூடாது' என்கிறார்கள். பழைய மிராசுக் குரல்தான் அது.

1969இன் நியாயக் கூலிச் சட்டமும், குடியிருந்த மனையை நமக்கே சொந்தமாக்கிய 1971 சட்டமும் அரசு தலையிட்டதால் வந்தவை. அதுவும் சும்மா வரலே. 44 உயிரைக் கொடுத்தபிறகு வந்தது.