தெற்கு வீட்டு வைத்தியர்

போன டிசம்பர் விடுமுறையில் தங்கச்சி வீட்டுக்கென்று சிட்னி போய் ஒரு மாதம் நின்றேன். நகருக்குள் போகும் ரயில், மத்திய நிலையத்தை அடைய முன்னர் 'ரெட்பேர்ன்' என்றொரு நிலையத்தில் நிற்கும். "இது ஆருட பேர் மச்சான்?" என்று கேட்டேன். "ஆரோ பழைய டொக்டர்ட பேராம். கைதியா வந்த ஆளாம்" என்றார் மச்சான். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. கைதியாக வந்த வைத்தியர் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மக்குவாரி வீதியிலுள்ள மாநில நூலகத்தில் நாலைந்து நாள் குந்தியிருந்து வாசித்ததில் கிடைத்ததையே இங்கு எழுதுகிறேன்.

வில்லியம் ரெட்பேர்ன் 1797 ஜனவரியில் லண்டன் சத்திர வைத்தியர் சங்கத்தின் பரீட்சையில் தேறியவர். உடனே கடற்படையில் சேர்ந்து 'ஸ்டாண்டர்ட்' என்ற போர்க்கப்பலில் சத்திர வைத்தியரின் உதவியாளரானார். அதே ஆண்டு மே மாதம் தேம்ஸ் நதி முகத்துக்கு அண்மையில் நோர் என்ற இடத்தில் நின்ற கப்பல்களில் மாலுமிகள் கிளர்ச்சி செய்தார்கள். ரெட்பேர்ன் துப்பாக்கி தூக்கவில்லை. "உங்களுக்குள் இன்னும் ஒற்றுமையாக இருங்கள்" என்று அவர்களுக்குப் புத்தி சொன்னார், அவ்வளவுதான். இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. வயதைப் பார்த்து ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். நான்கு வருடம் சிறையில் கிடந்து, 1801 டிசம்பரில் 'மினோர்க்கா' கப்பலில் கைதியாக சிட்னி வந்திறங்கினார்.

கைதியென்றாலும் வைத்தியர் வைத்தியர்தானே. கைதிகளும் படையினருமாய் நிரம்பிய அந்தக் குடியேற்றத்தில் மருந்து தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். நோபோக் தீவில் உதவி வைத்தியராக அனுப்பப்பட்டார். 1803இல் தேசாதிபதி கிங் அவருக்குப் பூரண மன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை மறுபடியும் அதில்தான் வந்து முட்டப்போகிறது.

1808இல் அவர் சிட்னிக்குத் திரும்பியபோது கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. பதில் தேசாதிபதி பொவோ அவரை உதவிச் சத்திர வைத்தியராக நியமிக்க விரும்பினார். அதற்காக ஜேமிசன், ஹரிஸ், போஹன் என்ற மூன்று வைத்தியர்கள் செப்டெம்பர் முதலாந் திகதி அவரைப் பரீட்சித்துத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவுஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் வைத்தியப் பரீட்சை அது. இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் படை அதிகாரிகள் தேசாதிபதி பிளையைக் கைதுசெய்து ஆட்சியைப் பறித்திருந்தார்கள். பரீட்சகர்களில் முதலிருவரும் அந்தக் கவிழ்ப்பின் பக்கம் நின்றவர்கள். 1797இல் நோரில் கிளர்ச்சி செய்த கப்பல்களில் ஒன்றின் கப்டனும் இதே பிளைதான். கிளர்ச்சிக்குப் புத்தி சொன்னவரை, கிளர்ச்சியில் கலந்துகொண்டவர்கள் பரீட்சித்தார்கள்!

1810இல் பதவியேற்ற தேசாதிபதி மக்குவாரி கவிழ்ப்புக் காலத்து நியமனங்களையெல்லாம் ரத்துச் செய்தார். ஆனால் ரெட்பேர்னை வேலையில் வைத்துக்கொண்டு, லண்டனின் சம்மதத்தையும் பெற்றுக் கொடுத்தார். புதிய ஆஸ்பத்திரி ஒன்று கட்ட வேண்டியிருந்தது, அரசிடம் காசில்லை. மூன்று பேரோடு ஒப்பந்தம் செய்தார்கள்: அவர்கள் ஆஸ்பத்திரியைக் கட்டித் தர வேண்டும், பதிலாக 45,000 கலன் ரம் சாராயத்தை இறக்குமதி செய்யும் உரிமை அவர்களுக்கு. ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் டார்சி வென்ட்வேர்த். அவரே பிரதம சத்திர வைத்தியர், அவரே பொலிஸ் மேற்பார்வையாளரும். ஒரே ஆளின் தலையில் எத்தனை தொப்பி! அதனால் வாட்டு வேலை உதவியாளரின் தோளில் விழுந்தது. 1816இல் திறந்த அந்த ஆஸ்பத்திரியை நாளாந்தம் ஓட்டியவர் ரெட்பேர்ன்தான்.

எங்கள் பாடசாலைகளில் 'பதில்' என்ற சொல்லோடு வருடக்கணக்காக அதிபர் வேலை பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் ஒரு தடவை அப்படி ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறேன். வேலை முழுக்க உங்களுடையது, கதிரை மட்டும் வேறு யாருக்கோ. சரி, அது கிடக்கட்டும்.

1814ஆம் ஆண்டைச் சொல்லாமல் இந்த மனுசனின் அருமை விளங்காது. அந்த வருடம் 'ஜெனரல் ஹியூவிற்', 'த்ரீ பீஸ்', 'சரி' என்ற மூன்று கைதிக் கப்பல்கள் நோயும் மையித்துமாக வந்து சேர்ந்தன. முதலாவதில் ஏற்றிய 300 பேரில் 34 பேர் வழியிலேயே மௌத்து. 'சரி' கப்பலில் 36 கைதிகள் போனார்கள். கப்டனும் கூடப் போய்விட்டார். காரணத்தைத் தேடும் பொறுப்பை மக்குவாரி ரெட்பேர்னிடம் கொடுத்தார். செப்டெம்பர் 30ஆம் திகதியிட்ட அறிக்கையில் காற்றோட்டம், உடுப்பு, சாப்பாடு, துப்புரவு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி யோசனை: கப்பலுக்கு ஏறும் வைத்தியர் கப்டனின் கைக்கூலியாக இருக்கக் கூடாது, அரசாங்கத்தின் அதிகாரம் பெற்ற கடற்படை வைத்தியராக இருக்க வேண்டும். தானும் கைதிக் கப்பலில் வந்தவர் எழுதிய எழுத்து அது. 1815 முதல் கடற்படை வைத்தியர்கள் மேற்பார்வையாளர்களாக ஏறத் தொடங்கினார்கள். மரணமும் குறைந்தது.

1818இல் வென்ட்வேர்த் பதவி விலகினார். அடுத்தது ரெட்பேர்ன்தான் என்று மக்குவாரி லண்டனுக்கு எழுதியிருந்தார். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது. ஆனால் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் பாத்தர்ஸ்ட் பிரபு ஜேம்ஸ் போமன் என்ற கடற்படை வைத்தியரை நியமித்தார். இந்தப் போமன் யார்? அதற்கு முன்னர் கைதிக் கப்பல்களில் மேற்பார்வை வைத்தியராக சிட்னி வந்து போனவர். ரெட்பேர்னின் அறிக்கை உண்டாக்கிய வேலையைச் செய்தவர், ரெட்பேர்னுக்கு மேலே வந்து உட்கார்ந்தார்! போமனில் பிழையில்லை; அவர் ஆஸ்பத்திரியை ஒழுங்குபடுத்தியதும் உண்மை. நோயாளிகள் வாட்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்துத் தின்ற ஆஸ்பத்திரி அது. அந்தச் சீர்கேட்டில் ரெட்பேர்னுக்கும் பங்கில்லை என்று நான் வாதாட வரவில்லை. அரச மருந்தைத் தன் சொந்த நோயாளிகளுக்குப் பாவித்தார் என்ற முறைப்பாடும் இருந்தது. ஆளும் லேசான ஆளில்லை, சட்டென்று கோபம் வரும்.

என்றாலும், அவரைத் தடுத்தது மருந்துக் கணக்குமல்ல, அடுப்புப் புகையுமல்ல. 1819இல் போமன் வந்த அதே 'ஜோன் பரி' கப்பலில் விசாரணை ஆணையாளர் பிக்கும் வந்தார். மனமொடிந்து வேலையை விட்ட ரெட்பேர்னுக்கு ஆறுதலாக மக்குவாரி நீதிவான் பதவி கொடுத்தபோது பிக் எதிர்த்து நின்றார். கிளர்ச்சிக் குற்றவாளியை நீதிவான் ஆசனத்தில் இருத்துவதா என்பதே அவருடைய கேள்வி. தேசாதிபதி மன்றாடியும் பிக் மசியவில்லை. பாத்தர்ஸ்ட் பிரபு பிக்கின் பக்கமே நின்றார், பதவி போயிற்று. தொழிற்போட்டி என்று நாம் சொல்வது பெரும்பாலும் கைத்திறனில் நடப்பதில்லை, பழைய கோவையில் நடக்கிறது. இருபது வயதுகளில் சொன்ன ஒரு வாக்கியத்தை நாற்பது தாண்டிய பிறகும் தூக்கிக் காட்டினார்கள்.

இதோடு நிற்கவில்லை. 1819இல் இங்கிலாந்து நீதிமன்றமொன்றின் தீர்ப்பு, தேசாதிபதிகள் கொடுத்த மன்னிப்புகளின் சட்ட வலுவையே சந்தேகத்துக்குள்ளாக்கியது. மறு வருடம் எட்வேர்ட் ஈகர் என்ற விடுதலைபெற்ற கைதி சிட்னியில் வழக்குப் பேசப் போனபோது, தண்டனை பெற்றவனுக்கு வழக்காட உரிமையில்லை என்று அவரை மறித்தார்கள். அப்படியானால் 1803இன் பூரண மன்னிப்பு எதற்கு? விடுதலைபெற்றவர்கள் கூட்டம் கூடினார்கள், மனு எழுதினார்கள். 1821இல் அதை எடுத்துக்கொண்டு லண்டன் போன இருவர் ஈகரும் ரெட்பேர்னும். ஒற்றுமையாக இருங்கள் என்று சொன்னதற்காக நாடுகடத்தப்பட்டவர், ஒன்றுபட்ட சனங்களின் பிரதிநிதியாக அதே நாட்டுக்குத் திரும்பிப் போனார். 1823ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மன்னிப்புகளை உறுதிப்படுத்தியது.

கதிரை மட்டும் திரும்பி வரவில்லை. போமன் பின்னர் ஜோன் மக்காதரின் மகளை மணம் முடித்து ஊர்ப் பெரியவரானார். ரெட்பேர்ன் காணி, ஆடு, மாடு என்று ஒதுங்கி, 1826இல் வைத்தியத்தையும் நிறுத்தினார். மகனைப் படிக்க வைக்க எடின்பரோ போனவர் 1833இல் அங்கேயே காலமானார்.

கடைசி நாள் நூலகத்தை விட்டு வெளியே வந்து அந்த வீதியில் நடந்தேன். ரம் ஆஸ்பத்திரியின் நடுக் கட்டடம் 1879இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய ஆஸ்பத்திரி நிற்கிறது. இரு பக்க வீடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வடக்கே இருப்பது பிரதம வைத்தியரின் வீடு. இன்று அது மாநிலப் பாராளுமன்றம். தெற்கே இருப்பது உதவி வைத்தியர்களின் வீடு. பின்னாளில் நாணயசாலை ஆனது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்து பார்த்தேன். வழியில் தங்கச்சிக்கு ஒரு போன் எடுத்துப் பேசியும் ஐந்து நிமிடம் ஆகவில்லை.